டிரில் பேட்டரியை வேறு வேலைக்கு அழைக்கும்போது

ஏ.சி. மாட்ட வருகிறவர், மாடுலர் கிச்சன் பொருத்துகிறவர், ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிறவர் என்று இன்று யார் வீட்டு வேலைக்கு வந்தாலும் அவர் பையில் ஒரு கார்ட்லெஸ் டிரில் இருக்கிறது. கைப்பிடிக்கு அடியில் செருகியிருக்கும் பேட்டரியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் 18 வோல்ட், 5 ஏ.ஹெச். என்று அச்சிட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 90 வாட்-மணி. பத்து வாட் எடுக்கும் வைஃபை ரவுட்டரை எட்டு மணி நேரம் ஓட்ட இது போதும். 5000 எம்.ஏ.ஹெச். செல்போனை மூன்று முறைக்கு மேல் நிரப்பலாம். ஐந்து வாட் எல்.இ.டி. விளக்கு ராத்திரி முழுக்க எரிந்த பிறகும் மிச்சம் இருக்கும்.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் இருக்கும் இடம் தேடிப்போய் செல்போனுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இப்படிப்பட்ட நாள்களில் தச்சரின் வீட்டிலும் எலக்ட்ரீஷியன் வீட்டிலும் நல்ல தரமான லித்தியம் பேட்டரிகள் இரண்டு மூன்று சும்மா இருக்கும். அவற்றிலிருந்து போனுக்கும் ரவுட்டருக்கும் மின்சாரம் எடுக்க ஓர் அடாப்டர் செய்துகொள்வது நியாயமான ஆசை. பொருள் செலவும் சில நூறு ரூபாய்தான்.

ஆனால் இதில் ஒரு விஷயம் வெளியே தெரிவதில்லை. பல நிறுவனங்களின் 18 வோல்ட் பேட்டரிகளில், பேட்டரியைக் காக்கும் அறிவு பேட்டரிக்குள் முழுசாக இல்லை. பாதி டிரில்லுக்குள் இருக்கிறது, பாதி சார்ஜருக்குள் இருக்கிறது. டிரில்லை விலக்கிவிட்டு இரண்டு வயரை நேராக இழுத்தால், அந்தக் காவலையும் சேர்த்தே விலக்கிவிடுகிறோம். அடாப்டர் செய்கிறவர் உண்மையில் செய்ய வேண்டியது அந்தக் காவலைத் திரும்பக் கட்டுவதுதான். வோல்டேஜை இறக்குவது அதற்கு அடுத்த வேலை.

முதலில் பேட்டரியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பிளாஸ்டிக் கூட்டுக்குள் வரிசையாக அடுக்கிய உருளைகள் இருக்கும். பெரும்பாலும் 18650 வகை செல்கள், அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஒரு லித்தியம்-அயன் செல்லின் சராசரி வோல்டேஜ் 3.6. ஐந்தைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். 5 ஏ.ஹெச். பேட்டரியில் பொதுவாக இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் கட்டி, மொத்தம் பத்து செல் இருக்கும். முழுசாகச் சார்ஜ் ஏறிய செல் 4.2 வோல்ட் காட்டும், அப்போது பேட்டரி 21 வோல்ட். டிவால்ட் நிறுவனம் அமெரிக்காவில் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்றும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்றும் விற்பது இதே ஐந்து செல் அடுக்கைத்தான். எண்ணை எந்த இடத்தில் அளக்கிறார்கள் என்பது மட்டுமே வேறுபாடு.

எண்களைப் பற்றிப் பேசும்போது பவர் பேங்க் கணக்கையும் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்கின் பக்கத்தில் 5 ஏ.ஹெச்., அதாவது 5,000 எம்.ஏ.ஹெச். டிரில் பேட்டரியை வைத்தால், பின்னது கால்வாசிதான் என்று தோன்றும். பவர் பேங்கின் எண் ஒரு செல்லின் 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது. ஆகவே அதில் இருப்பது 74 வாட்-மணி. டிரில் பேட்டரியின் எண் 18 வோல்ட்டில் கணக்கிட்டது, 90 வாட்-மணி. ஒப்பிட வேண்டுமானால் வாட்-மணியை மட்டும் பாருங்கள்.

திறனில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும் குணத்தில் இல்லை. டிரில் கான்கிரீட்டில் சிக்கி நிற்கும் நொடியில் மோட்டார் முப்பது நாற்பது ஆம்பியரை இழுக்கும். அதற்காகவே உள் தடை மிகக் குறைந்த செல்களைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறார்கள். ரவுட்டருக்குத் தேவையான முக்கால் ஆம்பியர் இந்த செல்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. சூடாகாது, நிதானமாக, அச்சிட்ட திறனை ஏறக்குறைய முழுசாகத் தரும்.

பேட்டரியின் மேல்முகத்தைக் கவனியுங்கள். இருபுறமும் வழுக்கிச் செல்லும் தண்டவாளம், நடுவே குறுகிய பிளவுகள், ஒவ்வொரு பிளவுக்குள்ளும் இரண்டு பித்தளைத் தகடுகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். டிரில்லின் தட்டைக் கத்தி முனை இவற்றுக்குள் நுழையும். அகலமான இரண்டு பிளவுகள் பிளஸ், மைனஸ். மற்றவை சேதி சொல்ல வந்தவை. டிவால்ட் பேட்டரியில் சி1, சி2 என்று வரிசையாகப் பொறித்திருக்கும் முனைகள் தனித்தனி செல்களின் வோல்டேஜைச் சொல்கின்றன, டி.ஹெச். என்ற முனை வெப்பநிலையைச் சொல்கிறது. மகிடாவில் நடுவே ஒரு சிறிய மஞ்சள் கனெக்டர் இருக்கும். கருவியும் சார்ஜரும் இந்தச் சேதிகளைக் கேட்டுத்தான் எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்கின்றன. சேதி சொல்லும் முனைகளை விட்டுவிட்டு அகலமான இரண்டில் மட்டும் வயரைச் செருகும் அடாப்டர் எதையும் கேட்காத அடாப்டர். ஆன்லைனில் ஒவ்வொரு பிராண்டு வடிவத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் மூடியும் இரண்டு வயரும் மட்டும் வைத்து விற்பவை பெரும்பாலும் இந்த ரகம். வாங்குவதில் தவறில்லை. வாங்கிய பிறகு செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

18 வோல்ட்டை எப்படிக் குறைப்பது? பழைய வழி 7805 போன்ற மூன்று கால் ரெகுலேட்டர். கூடுதல் வோல்டேஜை வெப்பமாக எரித்துத் தள்ளுவதுதான் அதன் வேலை. 18 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் எடுத்தால் போனுக்குப் போவது 5 வாட், ரெகுலேட்டரில் சூடாகப் போவது 13 வாட். தொட்டால் விரல் பொசுங்கும். பேட்டரியில் இருப்பதில் நூற்றுக்கு எழுபது பங்கு காற்றைச் சூடாக்கவே போய்விடும்.

இன்று யாரும் அப்படிச் செய்வதில்லை. பக் கன்வர்ட்டர் என்ற இறக்கு சுற்று வந்துவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எல்.எம். 2596 சிப் வைத்த சிறிய பச்சை அல்லது நீலப் பலகையை எடுத்துக் கொடுப்பார்கள். இந்த சிப் ஒரு நொடிக்கு ஒன்றரை லட்சம் முறை பேட்டரியை இணைத்து இணைத்துத் துண்டிக்கிறது. இணைந்திருக்கும் நேரத்தில் மின்னோட்டம் பக்கத்தில் உள்ள கம்பிச்சுருளுக்குள் ஏறி, காந்தப்புலமாகத் தங்குகிறது. துண்டித்ததும் அந்தப் புலம் சுருங்கி, மின்னோட்டத்தை அறுந்துபோக விடாமல் ஒரு டயோடு வழியாகத் தொடர்ந்து தள்ளுகிறது. ஊஞ்சலை ஒவ்வொரு வீச்சுக்கும் ஒருமுறை லேசாகத் தள்ளிவிட்டால் அது பாட்டுக்கு ஆடுவதைப் போலத்தான் இது. எவ்வளவு நேரம் இணைத்திருக்கிறோம் என்பதே வெளிவரும் வோல்டேஜைத் தீர்மானிக்கிறது. 12 வோல்ட் வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு நேரம், 5 வோல்ட் வேண்டுமானால் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல். எரிப்பது இல்லை என்பதால் வீணாவது நூற்றுக்குப் பத்து, பதினைந்து அளவில்தான். 12 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் எடுக்கும் ரவுட்டருக்காக பேட்டரியிலிருந்து போவது முக்கால் ஆம்பியர்தான். கொடுப்பதைவிடக் குறைவாக எடுக்கிறது என்று தோன்றினால், வோல்டேஜையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

பலகையின் ஓரத்தில் ஒரு நீலப் பெட்டியும் அதன் தலையில் ஒரு பித்தளைத் திருகும் இருக்கும். வெளிவரும் வோல்டேஜை அமைக்கும் திருகு அது. பலமுறை சுற்றும் வகை என்பதால் முதல் சில சுற்றுகளுக்கு மல்டிமீட்டரில் எண் அசையவே அசையாது. பலகை கெட்டுவிட்டது என்று நினைத்துக் கைவிடுபவர்கள் உண்டு. இடப்பக்கம் விடாமல் திருகிக்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் எண் சட்டென்று இறங்கத் தொடங்கும். 12.0 வந்ததும் நிறுத்தி, அதன் பிறகே ரவுட்டரின் வயரை இணைக்க வேண்டும். முதலில் ரவுட்டரை மாட்டிவிட்டுப் பிறகு திருகினால், கடையிலிருந்து வந்தபடி 18 வோல்ட்டும் நேராக ரவுட்டருக்குள் போய்விடும்.

செல்போனுக்கு இந்தப் பலகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளிருக்கும் ஸ்விட்ச் பழுதாகி ஷார்ட் ஆனால் பேட்டரியின் 20 வோல்ட்டும் போனின் 5 வோல்ட் வாசலில் போய் நிற்கும். இதற்கு மலிவான, இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. வண்டியில் பொருத்தும் யு.எஸ்.பி. சாக்கெட்டுகளில் ‘12–24 வோல்ட்’ என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். காருக்கு 12 வோல்ட், லாரிக்கு 24 வோல்ட். லாரி ஓடும்போது ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் வரை ஏற்றும், அதையும் தாங்கும்படி செய்தது இந்த சாக்கெட். நம் பேட்டரியின் 15 முதல் 21 வோல்ட் வரையிலான ஏற்ற இறக்கம் அதன் எல்லைக்குள் வசதியாக அடங்கிவிடும். வேகமாகச் சார்ஜ் செய்யும் பி.டி. வகை சாக்கெட்டும் இதே வடிவத்தில் கிடைக்கிறது. நல்ல பெயருள்ள தயாரிப்பாகப் பார்த்து வாங்கினால் போதும்.

லேப்டாப்தான் கொஞ்சம் சிக்கல். அதற்கு 19 அல்லது 20 வோல்ட் தேவை. பேட்டரி நிறைந்திருக்கும்போது 21, தீரும்போது 15. ஆரம்பத்தில் இறக்க வேண்டும், சீக்கிரமே ஏற்ற வேண்டும். வெறும் பக் கன்வர்ட்டர் இங்கே கைகொடுக்காது. இரண்டையும் செய்யும் பக்-பூஸ்ட் பலகைதான் வேண்டும்.

இதற்காக 230 வோல்ட் தரும் சிறிய இன்வெர்ட்டரை வாங்கி பேட்டரியோடு இணைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். மில்வாக்கி தன் எம்18 பேட்டரிக்கு 175 வாட் இன்வெர்ட்டரே விற்கிறது. சால்டரிங் அயர்ன், சிறிய பெடஸ்டல் ஃபேன் போன்றவற்றுக்கு வேறு வழியில்லை. ஆனால் ரவுட்டருக்கும் போனுக்கும் டி.சி.யை ஏ.சி.யாக்கி, அதே ஏ.சி.யை அடாப்டர் வழியாக மறுபடியும் டி.சி.யாக்குவது இரண்டு இடத்தில் இழப்பு. வீட்டில் தானே செய்த பெட்டிக்குள் 230 வோல்ட்டைக் கொண்டுவருவது உயிருக்கும் ஆபத்து. 18 வோல்ட் தொட்டால் யாருக்கும் ஷாக் அடிக்காது என்பதே இந்த வேலையின் பெரிய நன்மை. அதைத் தூக்கி எறியக் கூடாது.

இனி காவலுக்கு வருவோம். லித்தியம் செல்லை எவ்வளவு வரை தீர்க்கலாம்? 3 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. பெரும்பாலான செல்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் கடைசி எல்லை 2.5 வோல்ட். இதற்கும் கீழே தள்ளினால் என்ன ஆகிறது என்பது வேதியியல். செல்லுக்குள் ஒரு மின்முனை கிராபைட்டை மெல்லிய செப்புத் தகட்டில் பூசியது. இன்னொன்று அலுமினியத் தகட்டில் பூசியது. நடுவே 20 மைக்ரான் அளவு தடிமனுள்ள பிளாஸ்டிக் சவ்வு. ஒரு தலைமுடியின் தடிமனில் அது பாதி கூட இல்லை. செல் மிகவும் வறண்டுபோனால் செப்புத் தகடே மின்பகு திரவத்தில் கரையத் தொடங்குகிறது. பிறகு சார்ஜ் ஏற்றும்போது, கரைந்த செம்பு தகட்டுக்குத் திரும்பாமல் கண்ட இடத்தில் படிந்து ஊசிபோல வளர்கிறது. ஏதாவது ஓர் ஊசி சவ்வைத் துளைத்தால் செல்லுக்குள்ளேயே ஷார்ட். தீப்பிடிக்கும் பேட்டரிகளின் கதைகளில் சில இப்படித் தொடங்கியவை.

ஐந்து செல்லும் ஒரே அளவில் தீர்ந்தால் கூடப் பரவாயில்லை. நடைமுறையில் ஒன்று மற்றவற்றைவிடக் கொஞ்சம் பலவீனமாக இருக்கும். அது முதலில் தீர்ந்த பிறகும் மற்ற நான்கும் அதன் வழியாக மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது பூஜ்யத்தைத் தாண்டித் தலைகீழாகவே போகலாம். வெளியில் மொத்த வோல்டேஜ் 13, 14 என்று ஓரளவு மரியாதையாகவே காட்டும்.

டிரில்லில் இந்த ஆபத்து வராமல் இரண்டு விதத்தில் தடுக்கப்படுகிறது. ஒன்று, கருவியின் சுற்று வோல்டேஜைப் பார்த்து நின்றுவிடும். இன்னொன்று மனிதக் கை. பேட்டரி இறங்க இறங்க டிரில்லின் வேகம் குறையும், சத்தம் மாறும், வேலை செய்பவர் உணர்ந்து பேட்டரியை மாற்றிவிடுவார். பக் கன்வர்ட்டர் இந்த இரண்டாவது அடையாளத்தைத் துடைத்தே விடுகிறது. பேட்டரி 21 வோல்ட்டில் இருந்தாலும் 15 வோல்ட்டில் இருந்தாலும் ரவுட்டருக்கு அதே 12 வோல்ட், போனுக்கு அதே 5 வோல்ட். எதிலும் ஒரு மங்கலும் தெரியாது. போதாததற்கு, வோல்டேஜ் குறையக் குறைய அதே வாட்டைத் தருவதற்காகக் கன்வர்ட்டர் பேட்டரியிலிருந்து மேலும் அதிக மின்னோட்டத்தை உறிஞ்சுகிறது. 21 வோல்ட்டில் 0.6 ஆம்பியர் எடுத்தது 15 வோல்ட்டில் 0.9 ஆம்பியர் எடுக்கும். தளர்ந்த நேரத்தில் அதிகமாகப் பிழிகிறது. 5 வோல்ட் தரும் சாக்கெட், பேட்டரி 8, 9 வோல்ட்டுக்கு இறங்கினாலும் நிற்காமல் வேலை செய்யும். அதற்குள் பேட்டரியின் ஆயுள் முடிந்திருக்கும்.

பழக்கமும் இங்கே எதிராக நிற்கிறது. 1961இல் பிளாக் அண்ட் டெக்கர் முதல் கார்ட்லெஸ் டிரில்லைக் கொண்டுவந்த காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் நிக்கல்-காட்மியம் பேட்டரிதான். 2005இல் மில்வாக்கி 28 வோல்ட் கருவிகளோடு இறங்கிய பிறகே லித்தியம் இந்தத் துறைக்குள் வந்தது. நிக்கல்-காட்மியத்தை நன்றாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று வேலை கற்றவர்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள். அந்த பேட்டரிக்கு அது சரி. லித்தியத்துக்கு அது நேர் எதிர்.

ஆகவே அடாப்டருக்குள் ஒரு லோ வோல்டேஜ் கட்-ஆஃப் பலகை கட்டாயம். வோல்டேஜ் நாம் அமைத்த எண்ணுக்குக் கீழே போனால் சுமையைத் துண்டித்துவிடும் சிறிய பலகை அது. எண்ணை 15இல் வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள், செல்லுக்கு 3 வோல்ட் வீதம். நான் 16 என்பேன். செல்லுக்கு 3.2 வருகிறது, பலவீனமான செல்லுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. இழப்பும் பெரிதல்ல. 3.4க்குப் பிறகு லித்தியம் செல்லின் வோல்டேஜ் கிடுகிடுவென்று இறங்கும், ரவுட்டர் மாதிரி சிறிய சுமைக்கு 3.2இல் மிச்சம் இருப்பது சொற்பம்.

இன்னொரு எண்ணும் அமைக்க வேண்டும். சுமை விலகியதும் பேட்டரி மூச்சுவாங்கிக்கொண்டு அரை வோல்ட், ஒரு வோல்ட் மேலே ஏறிவிடும். மறுபடி இணைக்கும் எண்ணை 16.2 என்று வைத்தால் பலகை உடனே இணைக்கும், வோல்டேஜ் இறங்கும், துண்டிக்கும், மறுபடி இணைக்கும். ரிலே டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், ரவுட்டர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும், பேட்டரியும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். இணைக்கும் எண்ணை 19க்கு மேல் வையுங்கள். சார்ஜ் ஏற்றாமல் அந்த உயரத்துக்கு பேட்டரி தானாக வராது.

அடுத்தது பியூஸ். நல்ல 18650 செல் ஒன்றின் உள் தடை 20 மில்லி ஓம் அளவில் இருக்கும். பத்து செல் பேட்டரிக்குக் கணக்கிட்டால் 50 மில்லி ஓம். பிளஸ், மைனஸ் வயர்கள் பெட்டிக்குள் உரசிக்கொண்டால், கணக்குப்படி 20 வோல்ட்டை அதால் வகுக்க 400 ஆம்பியர். தகடுகளின் தடையும் வயரின் தடையும் சேர்ந்து அதைக் குறைத்தாலும் நூறு ஆம்பியருக்குக் கீழே வராது. இரண்டரை மில்லிமீட்டர் வெல்டிங் ராடு எரிய எண்பது ஆம்பியர் போதும். எனவே பிளஸ் முனையிலிருந்து வரும் வயரில், முனைக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில், வண்டிகளில் போடும் பிளேடு பியூஸ் ஒன்றை வையுங்கள். 60 வாட் வரை எடுக்கும் அடாப்டருக்கு 7.5 ஆம்பியர் பியூஸ் சரியான அளவு. பியூஸுக்கு முன்னால் உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அதனால்தான் அது விரற்கடை நீளத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இவ்வளவும் சேர்த்தாலும் எல்லாம் ஒரு சோப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும். செய்ய நேரமில்லாதவர்களுக்கு நிறுவனங்களே விற்கும் யு.எஸ்.பி. அடாப்டர்கள் இருக்கின்றன. மகிடாவின் ஏ.டி.பி. 05 பேட்டரியின் தலையில் அப்படியே வழுக்கி உட்கார்ந்து, போனுக்கு 5 வோல்ட்டில் 2.1 ஆம்பியர் வரை தரும். விலை கூட. ரவுட்டருக்கு வேண்டிய 12 வோல்ட் எல்லாவற்றிலும் கிடைப்பதில்லை. அந்த இடத்தில்தான் நாமே செய்துகொள்வதற்கு அர்த்தம் வருகிறது.

எல்லை மீறித் தீர்ந்த பேட்டரியைச் சார்ஜர் ஏற்க மறுத்து சிவப்பு விளக்கைச் சிமிட்டும். அப்போது இன்னொரு பேட்டரியிலிருந்து வயர் இழுத்துத் தொட்டு ‘எழுப்பி’ விடுவார்கள் சிலர். செம்பு கரைந்த செல்லை இப்படி எழுப்பிச் சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது மிகவும் ஆபத்தான காரியம். சார்ஜர் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல், விற்ற கடையிலோ மின்கழிவு வாங்குபவரிடமோ ஒப்படையுங்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன.

கடைசியாக ஒரு கணக்கு. காவல் பலகையும் மின்சாரம் தின்கிறது. சிறிய எண் காட்டியோடு வரும் பலகைகள் சுமையைத் துண்டித்த பிறகும் பத்து, பதினைந்து மில்லி ஆம்பியரை பேட்டரியிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். துண்டித்த நேரத்தில் பேட்டரியில் நூற்றுக்கு ஐந்து பங்கு மிச்சம் இருந்ததாக வைத்துக்கொள்வோம், 5 ஏ.ஹெச்.சில் அது 250 எம்.ஏ.ஹெச். பதினைந்து மில்லி ஆம்பியர் வீதம் போனால் பதினேழு மணி நேரத்துக்குள் அதுவும் தீர்ந்துவிடும். ராத்திரி துண்டித்ததை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் மாலை வந்து பார்த்தால், காக்க வைத்த பலகையே பேட்டரியைக் கொன்றிருக்கும். இதற்கு ஒரு சாதாரண சுவிட்ச் போதும். பியூஸுக்கு அடுத்து, காவல் பலகைக்கு முன்னால் அதை வையுங்கள். கரண்ட் வராத நாளில் உடனே சார்ஜ் ஏற்ற முடியாவிட்டாலும், ரவுட்டர் அணைந்ததும் பேட்டரியை அடாப்டரிலிருந்து உருவித் தனியாக வைத்துவிடுங்கள். செருகியபடி ஒரு நிமிடமும் விடவேண்டாம்.